சில செயலிகளில் மட்டும் தமிழ் எழுத்துகள் உடைந்தும் மங்கலாகவும் தெரிகின்றன. எழுத்துருவை மாற்றினால் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. விண்டோஸில் உலாவியில் ஒழுங்காகத் தெரியும் தமிழ், வேறொரு செயலியில் மட்டும் கெட்டுப்போனால் எழுத்துருவைக் குறை சொல்லிப் பயனில்லை. இதற்குள் நீங்களும் நாலைந்து எழுத்துருக்களை இறக்கி நிறுவிப் பார்த்திருப்பீர்கள்.

எழுத்து மங்குகிறதா, உடைகிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மங்கல் சுலபம். லேப்டாப் திரையில் எழுத்து, படங்களின் அளவு (ஸ்கேல்) 125 அல்லது 150 சதவீதத்தில் இருக்கும். பழைய செயலி 100 சதவீதத்துக்கு வரைந்து கொடுப்பதை விண்டோஸ் படம்போல இழுத்துப் பெரிதாக்குகிறது. செயலியின் ஐகானில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், காம்பாட்டிபிலிட்டி, 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' என்று போங்கள். ஓவர்ரைடு பெட்டியில் டிக் போட்டு 'அப்ளிகேஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மெனு ரொம்பச் சிறுத்துப்போனால் 'சிஸ்டம் என்ஹான்ஸ்டு'.

உடைவதுதான் என் வயிற்றெரிச்சல். நான் பக்க வடிவமைப்பு செய்கிறவன். ஒரு கோயில் கும்பாபிஷேக மலருக்குக் கட்டுரைகள் யூனிகோடில் வந்தன; எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை அது. பக்க வடிவமைப்புச் செயலியான இன்டிசைனில் கொட்டியதும் 'பெருமாள்' என்பதில் கொம்பு பகரத்துக்கு வலப்பக்கம் போய் நின்றது. 'கு'வில் ககரம் தனி, உகரக்குறி தனி. பக்கத்தில் நின்ற விழாக்குழுக்காரர், "அதான் தம்பி, யூனிகோடு தமிழுக்கு ஆகாது. பாமினியிலேயே அடிச்சிருக்கலாம்" என்றார். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. பாராகிராஃப் பேனல் மெனுவில் 'வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அவர் கண்முன்னே கொம்பு இடப்பக்கம் வந்தது, 'கு' ஒட்டிக்கொண்டது. எழுத்துருவைத் தொடவே இல்லை.

யூனிகோடில் கொம்பு, எழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது செயலியின் பொறுப்பு. இலவச அலுவலகச் செயலியான லிப்ரே ஆஃபிஸில் 2017இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ஃப்பஸ் என்ற, எழுத்துகளை ஒழுங்காக அடுக்கும் நிரல் இதைச் செய்கிறது. ஆனால் அங்கே ஸ்டைலில் எழுத்துருவை மாற்றும்போது 'வெஸ்டர்ன்' பகுதியில் மாற்றினால் தமிழ் அசையாது. 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' பகுதியில் மாற்ற வேண்டும்.

பாமினிக்கு நான் விரோதி இல்லை, சண்டைக்கு வராதீர்கள். செயலிகளில் யூனிகோடு வேலை செய்யாத காலத்தில் அந்த மாதிரி எழுத்துருக்கள்தான் தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தன. ஆனால் பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். நாளைக்கு 'அம்மா' என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? தமிழக அரசே 2010இல் யூனிகோடை ஏற்று ஆணை போட்டாயிற்று. மலர்க்குழுக்கள் இன்னும் பாமினி கேட்கின்றன. பழைய கோப்புகளை மாற்றி, வரிவரியாகப் பிழை பார்த்துக் கொடுத்தால் அதற்குக் கூலியும் கிடையாது. "பட்டனைத் தட்டினா மாறிடுமே" என்கிறார்கள். அப்படி மாற்றிய கோப்பில் ஒற்றெழுத்தையும் துணைக்காலையும் தேடித்தேடித் திருத்துகிறவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளிகளாலான வட்டம் தெரிந்தால், கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடித்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு எந்த செட்டிங்கும் உதவாது. அந்த இடத்தை அழித்துவிட்டு மறுபடி அடியுங்கள்.