சென்னையில் ஒருவரையும் தெரியாத நிலையில், தயக்கமின்றிப் போய் உட்காரவும் மனிதர்களோடு பழகவும் ஏற்ற இடங்கள் எவை?

வேலைக்காகச் சென்னைக்கு வந்து வேளச்சேரியில் அறை எடுத்துத் தங்கியிருப்பதாகவும், அலுவலகத்துக்கு வெளியே ஒருவரையும் தெரியாது என்றும், வார இறுதியில் வணிக வளாகத்தைத் தவிர வேறு போக்கிடம் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நானும் தென்காசிப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து, மகளிர் விடுதியில் தனியாகத் தங்கி வேலை பார்த்தவள் என்பதால், உங்கள் கேள்வியின் பின்னால் இருக்கும் சோர்வு எனக்கு நன்றாகவே புரிகிறது.

வேளச்சேரியில் நீங்கள் தங்கியிருப்பது ஒரு நல்ல வாய்ப்பு. அங்கிருந்து கடற்கரை நிலையம் வரை தூண்களின் மேல் ஓடும் பறக்கும் ரயிலின் தடத்திலேயே, நீங்கள் தேடுகிற வகையான இடங்கள் பல அமைந்திருக்கின்றன. சீட்டு விலையும் ஐந்து ரூபாயில் தொடங்குகிறது. அந்தத் தடத்தை ஒட்டியே பதில் சொல்கிறேன்.

ஓர் இடம் புதியவரை ஏற்கிறதா என்பதை நான் மூன்று நான்கு எளிய விஷயங்களை வைத்து முடிவு செய்வேன். எதையும் வாங்காமல் ஒரு மணி நேரம் உட்கார முடிய வேண்டும். குடிநீரும் சுத்தமான கழிப்பறையும் இருக்க வேண்டும். ஒரு பெண் தனியாக வந்து அமர்ந்தால் யாரும் திரும்பித் திரும்பிப் பார்க்கக் கூடாது. எந்த ஊர், என்ன ஆட்கள் என்ற விசாரணை இருக்கக் கூடாது. கடைசி இரண்டும் பெண்களுக்கும், சாதியின் பெயரால் விசாரிக்கப்பட்டே பழகியவர்களுக்கும் எவ்வளவு முக்கியமானவை என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். தேநீர்க் கடை வாசல்தான் இந்த ஊரின் பேச்சு மேடை என்று பலர் பரிந்துரைப்பார்கள். ஆண்களைப் பொறுத்தவரை அது உண்மை, ஆனால் பெண்களுக்கு அந்த வாசல் இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை.

இந்த அளவுகோல்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தி வருகிற இடமாக நான் முதலில் சொல்வது கோட்டூர்புரத்திலுள்ள அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பரில் திறக்கப்பட்ட இந்த ஒன்பது தளக் கட்டடத்துக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. தரைத்தளத்தில் பார்வையற்றோருக்கான பிரெயில் பகுதியும், அதற்கு மேலே குழந்தைகளுக்கான தளமும், இரண்டாம் தளத்தில் தமிழ் நூல்களும் இருக்கின்றன. இவை தவிர, சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே தனியாக ஒரு பகுதி உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் காலையிலேயே வந்து இடம்பிடித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டை மதியம் பகிர்ந்து உண்பதை அங்கே எந்த நாளும் பார்க்கலாம். விடுதி அறையில் விளக்கைப் போட்டுப் படிக்கவே அனுமதி கேட்க வேண்டிய நிலையில் இருந்த எனக்கு, இவ்வளவு பெரிய மேசையும் வெளிச்சமும் என்னிடம் எதையும் கேட்காமல் கிடைத்தது பெரிய விடுதலையாக இருந்தது. 2011 நவம்பரில் இந்த நூலகத்தை இடம் மாற்றிவிட்டுக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக ஆக்கப்போவதாக அரசு அறிவித்தபோது எழுத்தாளர்களும் வாசகர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அந்த முடிவுக்குத் தடை விதித்தது. இன்று நாம் அங்கே உட்கார முடிவதற்கு அந்த எதிர்ப்பும் ஒரு காரணம்.

நூலகத்தில் நுழையும்போது, யாருடைய தயவிலோ உள்ளே வந்துவிட்டதைப் போன்ற கூச்சம் சிலருக்கு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு சேர்த்து அதில் பத்து விழுக்காடு நூலக வரியாக வசூலிக்கப்படுகிறது. வாடகைக்கு இருப்பவர் கொடுக்கும் வாடகையிலும் அந்த வரியின் ஒரு பங்கு அடங்கியிருக்கும் என்பதால், நீங்களும் அதற்குப் பணம் கொடுப்பவர்தான். உங்கள் பகுதியின் கிளை நூலகத்தையும் இதே உரிமையோடு அணுகுங்கள். பல கிளைகளில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு உண்டு. சில இடங்களில் அது பெயரளவுக்குத்தான் இருக்கும், ஆனால் ஆர்வமுள்ள நூலகர் வாய்த்த இடங்களில் மாதந்தோறும் கூட்டம் நடக்கும், நூலகரிடம் கேட்டால் சொல்வார். வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்றால், 2024 நவம்பரில் கொளத்தூரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகத்தையும் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள்: குறைந்த கட்டணத்தில் அமர்ந்து வேலை பார்க்க மேசையும் இணைய வசதியும் தரும் அரசு இடம் அது, உங்களுக்குத் தூரம்தான் என்றாலும்.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் அடிப்படையாகக் கொண்டு 1994இல் உருவான நிறுவனம் அது. ஆய்வாளர்களுக்கான இடம் என்று தயங்க வேண்டாம். அங்கே அவ்வப்போது நடக்கும் பொதுச் சொற்பொழிவுகளுக்கு யாரும் போகலாம்.

சொற்பொழிவு என்றதும் சொல்லியாக வேண்டியது, இந்த ஊரின் இலக்கியக் கூட்டங்களைப் பற்றி. அழைப்பிதழே இல்லாமல் யாரும் போய் உட்காரக்கூடிய கூட்டங்கள் சென்னையில் நடக்கும் அளவுக்கு வேறெங்கும் நடக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. அண்ணா சாலையிலுள்ள தேவநேயப் பாவாணர் நூலகம், மயிலாப்பூர் சி.ஐ.டி. குடியிருப்பிலுள்ள கவிக்கோ மன்றம், கே.கே. நகரின் டிஸ்கவரி புக் பேலஸ், உங்கள் தடத்திலேயே திருவான்மியூரிலுள்ள பனுவல் புத்தக நிலையம் ஆகிய இடங்களில் நூல் வெளியீடு, விமர்சனக் கூட்டம், கலந்துரையாடல் என்று ஏதேனும் ஒன்று நடந்துகொண்டிருக்கும். விவரங்கள் பதிப்பாளர்களின் முகநூல் பக்கங்களில் முன்கூட்டியே வந்துவிடும். சொன்ன நேரத்துக்குச் சற்று முன்னதாகவே போய், நாற்காலி போட ஒரு கை கொடுங்கள். ஏற்பாட்டாளர்கள் உங்களை மறக்க மாட்டார்கள். கூட்டம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடவும் வேண்டாம். மேடையில் பேசப்பட்டதை மறுத்தும் ஒப்புக்கொண்டும் வாசலில் நின்றபடி அரை மணி நேரம் நடக்கும் பேச்சில்தான் நட்பு பிறக்கிறது, என் நெருங்கிய தோழியர் இருவர் எனக்கு அறிமுகமானதும் அப்படியொரு வாசலில்தான்.

திருவான்மியூரில் இறங்குகிறவர் அறிய வேண்டிய இன்னொன்று, ஆமை நடை. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவத்தில், ஜனவரி தொடங்கி, இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடலோரமாக நடந்து, முட்டைகளை மீட்டுப் பொரிப்பகத்தில் சேர்க்கிற வேலையை 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று செய்துவருகிறது. வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களும் உடன் நடக்கலாம். ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும், முடிய நள்ளிரவு தாண்டி நெடுநேரம் ஆகும். ஆமையின் தடம் தென்பட்டால், தன்னார்வலர்கள் ஒரு குச்சியால் மணலின் இளக்கத்தைச் சோதித்துக் கூட்டைக் கண்டுபிடிப்பார்கள். ஏறத்தாழ நூறு முட்டைகள் இருக்கும் அந்தப் பானை வடிவக் குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்துகொண்டு, பொரிப்பகத்தில் அதே அளவில் குழி தோண்டி வைப்பார்கள். ஏறத்தாழ நாற்பத்தைந்து நாளுக்குப் பின் குஞ்சுகள் வெளிவரும். அவற்றைக் கடலில் விடும் மாலைகளில் குழந்தைகளோடு குடும்பங்கள் வந்து நிற்கும். பேச்சைத் தொடங்கத் தெரியாதவர்களுக்கு, கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு, இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் கண்டதில்லை, ஏனென்றால் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும்போது பேச்சு தேவைப்படும் இடத்தில் தானாகவே வந்துவிடுகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கியதை நினைத்தால், இந்த வேலைக்கு ஆட்கள் எவ்வளவு தேவை என்பதும் விளங்கும்.

திருமயிலை நிலையத்தில் இறங்கினால் மயிலாப்பூர். மார்கழிக் கச்சேரிகள் வசதி படைத்த, இசை தெரிந்த, குறிப்பிட்ட சாதியினருக்கு உரியவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்த எண்ணத்துக்குக் காரணமான வரலாறும் உண்மையானதே. எனினும் பல சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்குச் சீட்டு கிடையாது, இளைய கலைஞர்கள் பாடுவார்கள், முன்வரிசைகளே காலியாக இருக்கும். தாராளமாகப் போய் உட்காருங்கள். சபா உணவகத்தில் சாப்பிடுவதற்குக் கச்சேரிச் சீட்டு தேவையில்லை. ஆனால் மாலைக் கச்சேரியின் கூட்டத்தில் புதியவருக்குப் பேச ஆள் கிடைப்பது அரிது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திருவல்லிக்கேணி, வெளியூரிலிருந்து வேலை தேடி வந்த ஆண்களை மேன்சன் அறைகளில் தலைமுறை தலைமுறையாகத் தங்கவைத்த பகுதி. அங்குள்ள மெஸ்களில் பக்கத்து இலைக்காரரோடு பேசுவது இன்றும் இயல்பு. ரமலான் மாதத்தில், 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசலில் நோன்பு திறப்போருக்கு உணவு பரிமாறுவதை, மயிலாப்பூரிலுள்ள சூஃபிதார் அமைப்பின் தொண்டர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறார்கள். பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்த இந்துக் குடும்பங்களின் வழியில் தோன்றிய அமைப்பு அது. பிற மதத்தவர் அந்த மாதத்தில் அந்தப் பகுதிக்குப் போகத் தயங்குவதைக் கேட்கும்போதெல்லாம், இந்தச் செய்தியைச் சொல்லித்தான் அவர்களை அழைத்துப் போவேன்.

பறக்கும் ரயில் கடற்கரை நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் ஊர் அங்கே முடிவதில்லை. வடசென்னையின் தெருக்களிலுள்ள கேரம் மன்றங்களை, பழகுமிடம் என்ற பட்டியலில் யாரும் சேர்க்காதது எனக்கு வருத்தம். இரண்டு முறை உலகச் சாம்பியனாகி 1996இல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் இந்த ஊர்க்காரர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவரின் மகள். பெரும்பாலான மன்றங்களில் ஆண்களே ஆடினாலும், காசிமாவின் வெற்றிக்குப் பிறகு அங்கே பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய வீடுகளின் மனம் சற்றேனும் மாறியிருக்கும் என்று நம்புகிறேன். ஆட்டம் தெரிந்தவராக இருந்தால் பலகையின் ஓரமாக நின்று பாருங்கள், ஓர் ஆள் குறையும்போது உங்களைக் கூப்பிடுவார்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் சுற்றிப் பார்த்துவிட நினைக்காதீர்கள்; அப்படிச் சுற்றினால் ஊர் தெரியும், ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு வாரமும் அதே கிழமையில் அதே நேரத்துக்குப் போங்கள். எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால், வரும் ஞாயிறு காலையில் கோட்டூர்புரத்தில் இறங்கி நூலகத்துக்கு நடந்துவிடுங்கள். பையை வாயிலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால் கைப்பேசியையும் குறிப்பேட்டையும் மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.