நடந்தும் கெட்ட கொழுப்பு ஏறுகிறதே, ஏன்?

கேள்வி: வயது 42, எடை 84 கிலோ. மூன்று மாதம் விடாமல் நடந்தேன். எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பு 110-லிருந்து 122 ஆகிவிட்டது. நடந்ததெல்லாம் வீணா டாக்டர்?

பதில்: வீணே இல்லை. நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு என்கிற இன்னொரு வகைக் கொழுப்பைப் பாருங்கள்: 250 இருந்தது, இப்போது 150. உடற்பயிற்சிக்கு முதலில் அசைவது அதுதான். பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டு எழுதுகிறார்கள். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து ஹெச்டிஎல் என்கிற நல்ல கொழுப்பையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். உங்களுக்கு முன்பு 200 − 40 − 50 = 110. இப்போது 195 − 43 − 30 = 122. டிரைகிளிசரைடு அதிகமாக இருந்தால் இந்தக் கணக்கு எல்டிஎல்லைக் குறைத்துக் காட்டும். ஆக, பழைய 110-ஐ அப்படியே நம்ப வேண்டாம். மொத்தத்தில் நல்ல கொழுப்பை மட்டும் கழித்துப் பாருங்கள்: முன்பு 160, இப்போது 152. இறங்கித்தான் இருக்கிறது.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடக்கிறேன். போதுமா?

பதில்: சும்மா இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் தசையில் லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்றொரு நொதி இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் டிரைகிளிசரைடை உடைத்துத் தசைக்குக் கொடுப்பது அதன் வேலை. நடந்த பிறகு ஒன்றிரண்டு நாள் சுறுசுறுப்பாக இருக்கும், அப்புறம் பழையபடி மந்தமாகிவிடும். அதே நேரத்தை நான்கைந்து நாளாகப் பிரித்து நடங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் வந்தால் நல்லது.

கேள்வி: வயது 51, மாதவிடாய் நின்றுவிட்டது. அதே சாப்பாடு, அதே நடை, எல்டிஎல் மட்டும் 170!

பதில்: ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் கல்லீரல் கெட்ட கொழுப்பை ரத்தத்திலிருந்து இழுப்பதும் குறையும். தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அது குறைந்தாலும் எல்டிஎல் ஏறும். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: எடை குறையாமல் நடை மட்டும் எல்டிஎல்லைப் பெரிதாக இறக்காது. நெய், தேங்காய்ப்பால், பேக்கரிப் பண்டங்களைக் குறைக்க வேண்டும். தேவைப்பட்டால் மாத்திரை. மாத்திரை என்றதும் தோற்றுவிட்டதாக நினைத்து அழுபவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன், அதில் அழ ஒன்றுமில்லை.

கேள்வி: முழங்கால் வலி, நடக்கவே முடியவில்லை.

பதில்: நடைதான் என்று யார் சொன்னது? நிறுத்தி வைத்த சைக்கிள் மிதிக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழகலாம்.

கேள்வி: டெஸ்டுக்கு முதல் நாள் வேகமாக நடந்துவிட்டுப் போகலாமா?

பதில்: தினமும் நடப்பவர் என்றால் வழக்கம்போல நடங்கள். இல்லையென்றால் அன்றைக்கு மட்டும் வேண்டாம், டிரைகிளிசரைடு பொய்யாக இறங்கிக் காட்டும்.