ஐம்பது இலட்சத்துக்குப் பத்துச் சதவீதம்: கேட்டால் கொடுப்பார்களா?

கேள்வி: வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே யாழ்ப்பாணக் கறித்தூள் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறேன். வறுப்பது மாமி, மற்ற வேலை எல்லாம் நான். மாதம் 6 இலட்சம் ரூபாய் விற்பனை, ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இலாபம் நிற்கிறது. பணக்கார முதலீட்டாளர்கள் முன் தொழிலை விளக்கிப் பணம் கேட்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்குத் தெரிவாகியிருக்கிறேன். பத்துச் சதவீதப் பங்குக்கு 50 இலட்சம் கேட்கச் சொல்கிறார் கணவர். அது சரியா? செய்முறையைக் கேட்டால் சொல்ல வேண்டுமா? சிங்களத்தில் பேசுவதை நினைத்தாலும் பயமாக இருக்கிறது. (பைக்கற் கணக்கை இணைத்திருக்கிறேன்.)

பதில்: கேட்கலாம். கொடுக்க மாட்டார்கள்.

பத்துச் சதவீதம் 50 இலட்சம் என்றால், முழுத் தொழிலுக்கும் 5 கோடி என்று நீங்களே விலை சொல்கிறீர்கள். எதிரே இருப்பவர் அதை மனதிலேயே பெருக்கிவிட்டு, வருட விற்பனை எவ்வளவு என்று கேட்பார். 72 இலட்சம் என்பீர்கள். இலாபம்? அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள்.

நீங்கள் அனுப்பிய கணக்கையே எடுத்துக்கொள்வோம். 250 கிராம் பைக்கற்றில் அச்சடித்த விலை 600 ரூபாய். கடைக்காரருக்கு 480க்குப் போடுகிறீர்கள். மிளகாய், மல்லி, சீரகம், மிளகு எல்லாம் சேர்த்துப் பொருட்செலவு 260, பையும் லேபிளும் 30, எரிவாயுவும் மில் கூலியும் 35, கொண்டுபோய்ப் போடுவதற்கு 25. மொத்தம் 350 போக 130 நிற்கிறது. மாதம் 1,250 பைக்கற்றுக்கு 1,62,500 ரூபாய். கூட்டல் கழித்தல் சரிதான். ஆனால் இதில் உங்கள் சம்பளம் இல்லை. மாமியின் சம்பளமும் இல்லை. வீட்டின் பின்கட்டு முழுவதையும் தொழில் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதற்கு வாடகை இல்லை. உங்களுக்கு 70,000, மாமியின் இடத்தில் ஒருவரை வைத்தால் அவருக்கு 45,000, இடத்துக்கு 30,000 என்று எழுதிப் பாருங்கள். மாதம் 17,500 மிஞ்சும். வருடத்துக்கு 2,10,000. அந்த இலாபத்துக்கு 5 கோடி என்றால் இருநூறு மடங்குக்கு மேல். முதலீட்டாளர் சிரித்தால் கோபிக்க முடியாது. சம்பளத்துக்கு ஆள் வைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி பங்கு 12 சதவீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் கட்ட வேண்டும் என்பதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

அடுத்து, "சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால் விற்பனை கூடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். கூடும். ஆனால் அவர்கள் அச்சடித்த விலையில் 30 சதவீதம் கேட்டால் உங்கள் கைக்கு வருவது 420. பைக்கற்றுக்கு நிற்பது 70. இப்போது கிடைப்பதை எடுக்கவே ஏறத்தாழ இரண்டு மடங்கு விற்க வேண்டும். அங்கே சரக்குப் போட்டவுடன் காசும் வராது. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெரு மிளகாய் வியாபாரியோ திகதி போட்ட காசோலையை அந்தத் திகதியில் வங்கியில் போட்டுவிடுவார். இந்த இடைவெளியை நிரப்பத்தான் உங்களுக்குப் பணம் வேண்டும். "50 இலட்சத்தை என்ன செய்வீர்கள்?" என்ற கேள்விக்கு இதுதான் நல்ல பதில். வறுக்கும் இயந்திரம் வாங்கப் போகிறேன் என்று சொல்லாதீர்கள். இயந்திரத்துக்கு லீசிங் இருக்கிறது, வங்கிக் கடன் இருக்கிறது. அதற்காகப் பங்கை விற்பது வீண்.

என் கணக்கில் 15 இலட்சம் கேட்டு 20 சதவீதம் கொடுக்கத் தயாராகப் போங்கள். தொழிலின் மதிப்பு 75 இலட்சம், ஏறத்தாழ ஒரு வருட விற்பனை. அதற்கு நியாயம் சொல்ல முடியும். 25 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். நம் கம்பனிச் சட்டப்படி (2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கம்) கம்பனியின் அமைப்பு விதிகளை மாற்றுவது போன்ற பெரிய முடிவுகளுக்கு விசேட தீர்மானம் வேண்டும்; அதற்கு வாக்குகளில் 75 சதவீதம் வேண்டும். கால் பங்குக்கு மேல் ஒருவர் கையில் போனால் அவர் ஒருவரே அதைத் தடுத்து வைக்கலாம்.

கம்பனி என்றதும் ஞாபகம் வருகிறது: உங்களிடம் இருப்பது வியாபாரப் பெயர்ப் பதிவு மட்டும். அதில் விற்பதற்குப் பங்கே கிடையாது. மருதானையில், டி.ஆர். விஜேவர்தன மாவத்தை சமாகம் மெதுரவில் இருக்கும் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் தனியார் கம்பனியாகப் பதிய வேண்டும்; இணையத்திலும் செய்யலாம். ஒரு பணிப்பாளரும் ஒரு கம்பனிச் செயலாளரும் போதும். ஒளிப்பதிவுக்கு முன்பே முடித்துவிடுங்கள். அப்புறம், பணம் கம்பனிக்குள் வர வேண்டும், அதற்குப் புதிய பங்குகளை வெளியிட வேண்டும். கணவரின் பங்கை முதலீட்டாளர் வாங்கினால் பணம் கணவரின் கணக்குக்குப் போகும், கறித்தூளுக்கு ஒரு சதமும் வராது. இந்த வித்தியாசம் புரியாமல் கைகுலுக்குபவர்கள் நிறையப் பேர்.

செய்முறை விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு மிக நெருக்கமான உதாரணம் பிரிட்டனில் இருக்கிறது. இதே மாதிரியான பிபிசியின் 'டிராகன்ஸ் டென்' நிகழ்ச்சிக்கு 2007இல் லெவி ரூட்ஸ் என்பவர் கிட்டாரோடு வந்து, தன் 'ரெகே ரெகே' சோஸுக்கு 50,000 பவுண் கேட்டார். 20 சதவீதம் தருகிறேன் என்று தொடங்கி 40 சதவீதத்தில் முடித்தார். நடுவில், கையில் இருந்த 2,500 கிலோ ஓடரை 25 இலட்சம் லீற்றர் என்று மாற்றிச் சொல்லித் தடுமாறவும் செய்தார். ஆனாலும் சோஸ் பெரிய கடைகளுக்குப் போய் நன்றாக விற்றது. விற்றபின் பழைய நண்பர் ஒருவர் செய்முறை என்னுடையது என்று வழக்குப் போட்டார். 2011இல் வழக்குத் தள்ளுபடியானது. ஆனால் பாட்டியின் செய்முறை என்று விளம்பரத்தில் சொன்ன கதை உண்மையில்லை என்று லெவி ரூட்ஸே நீதிமன்றத்தில் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இங்கே மாமி உண்மையிலேயே இருக்கிறார். அதுவே ஒரு சிக்கல். செய்முறை அவருடையது, கம்பனி உங்களுடையது. தொலைக்காட்சியில் வந்தபிறகு மச்சாளுக்கும் அதில் உரிமை இருக்கிறது என்று ஒரு கதை கிளம்பும். கம்பனி தொடங்கும்போதே மாமியை ஒரு பங்காளியாகச் சேருங்கள், அல்லது செய்முறையைக் கம்பனிக்கு எழுதி வாங்கி அதற்குரிய பணத்தைக் கொடுங்கள். குடும்பத்துக்குள் எதற்குக் கடதாசி என்பார்கள். குடும்பத்துக்குள் என்பதால்தான் கடதாசி.

மேடையில் செய்முறையைச் சொல்லத் தேவையில்லை. "என்னென்ன போடுகிறோம் என்பது லேபிளில் இருக்கிறது, அளவும் வறுக்கும் பதமும் கம்பனியின் இரகசியம்" என்று சொன்னால் எந்த முதலீட்டாளரும் அதை மதிப்பார். இரகசியமாகக் காப்பாற்றும் தகவலுக்கு நம் புலமைச் சொத்துச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. நீங்களே கமராவுக்கு முன் சொல்லிவிட்டால் அது போய்விடும். பெயரைத்தான் வர்த்தகச் சின்னமாக உடனே பதிய வேண்டும்; வியாபாரப் பெயர்ப் பதிவு வேறு, இது வேறு. தேசிய புலமைச் சொத்து அலுவலகமும் அதே சமாகம் மெதுரவில்தான். மசாலாப் பொருட்கள் வர்த்தகச் சின்னங்களின் 30ஆம் வகுப்பில் வரும், ஒரு பதிவு 10 வருடங்களுக்கு. இன்னொருவர் உங்கள் பெயரில் விண்ணப்பம் போடுவதற்கு ஒளிபரப்பு இரவே போதும்.

திரையில் கைகுலுக்கியவுடன் பணம் வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். அமெரிக்காவின் இதே வகை நிகழ்ச்சியான 'ஷார்க் டேங்க்'கின் முதல் ஏழு பருவங்களில் உடன்பாடு கிடைத்த 237 பேரிடம் போர்ப்ஸ் சஞ்சிகை விசாரித்தபோது, சுமார் 43 சதவீதம் பேருக்கு அந்த உடன்பாடு நிறைவேறவே இல்லை. பலருக்கு நிபந்தனைகள் மாறியிருந்தன. கமரா நின்றபிறகுதான் உங்கள் வங்கிக் கூற்றுகள், வரிக் கோப்பு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பத்திரங்கள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். கொடுத்த பணம் திரும்பும்வரை பைக்கற்றுக்கு இத்தனை ரூபாய் என்று ரோயல்ட்டி கேட்பவரும் இருப்பார். பைக்கற்றுக்கு 40 ரூபாய் என்றால் சின்னத் தொகையாகத் தோன்றும். உங்களிடம் நிற்கும் 130இல் மூன்றில் ஒரு பங்கு அது. முடிவுத் திகதி இல்லாத ரோயல்ட்டிக்கு ஒத்துக்கொள்ளவே வேண்டாம்.

நிகழ்ச்சி நிறுவனம் நீட்டும் ஒப்பந்தத்தை ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிட்டுக் கையெழுத்து வையுங்கள். 'ஷார்க் டேங்க்'கிலேயே தொடக்கத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: உடன்பாடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மேடையேறியவரின் கம்பனியில் 5 சதவீதப் பங்கோ இலாபத்தில் 2 சதவீதமோ தயாரிப்பு நிறுவனத்துக்கு. முதலீட்டாளர் மார்க் கியூபன் எதிர்த்தபின் 2013இல் அதை நீக்கினார்கள். இங்கே அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒளிபரப்பான மறுநாள் லண்டனில் இருந்து சித்தப்பா அழைத்து "நானே போடுகிறேன்" என்பார். நல்ல விஷயம்தான். வெளிநாட்டில் இருப்பவர் பங்கு வாங்குவதென்றால் இங்கே ஒரு வங்கியில் உள்வரும் முதலீட்டுக் கணக்கு திறந்து அதன் வழியாக அனுப்பச் சொல்லுங்கள். வங்கிக்கு வெளியே உண்டியலில் வந்தால் நாளைக்கு அவருடைய இலாபப் பங்கைத் திருப்பி அனுப்புவது தலைவலி.

சிங்களத்தைப் பற்றிய பயம் வேண்டாம். புறக்கோட்டையில் மல்லிக்கு விலை பேசுகிற சிங்களம் இந்த வேலைக்குப் போதும். முதலில் தயாரிப்பாளரிடம் கேளுங்கள், நீங்கள் தமிழில் பேச, திரையின் கீழே சிங்களத்தில் எழுத்துப் போடுவதற்கு ஒத்துக்கொள்ளக்கூடும். முடியாது என்றால் கதையை மனப்பாடம் செய்யாதீர்கள். 480, 350, 130, 1,250 ஆகிய நான்கு எண்களையும் சிங்களத்தில் தடுமாறாமல் சொல்லப் பழகுங்கள். மாமியும் மேடைக்கு வரட்டும். ஆனால் அவருக்கு உடம்பு முடியாமல் போனால் யார் வறுப்பார் என்று கேட்பார்கள். அந்த ஆளை இப்போதே தேடிப் பழக்கத் தொடங்குங்கள்.