பெருவுக்குப் போகட்டும், ஆனால் இந்தத் திட்டத்தோடு வேண்டாம்

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தையும், மகள் எழுதிய இரண்டு பக்கத் திட்டத்தையும் படித்தேன். அமெரிக்கக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கப்போகும் பெண், ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஒரு பருவம் பெரு நாட்டில் இருக்கப் போகிறாள். அதில் நான்கு வாரம், நவம்பரில், குஸ்கோ நகருக்குப் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றில் சொந்தமாகக் கள ஆய்வு. பாதுகாப்பாக இருக்குமா, பாஷை தெரியாமல் சமாளிப்பாளா, இதனால் வேலை கிடைக்குமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் வருகிறேன். எனக்குக் கவலை தந்தது நீங்கள் கேட்காத ஒன்று. அவள் எழுதியிருக்கிற ஆய்வு நவம்பரில் நடக்காது.

திட்டம் 'சுஞ்ஞோ' பற்றியது. ஆண்டிஸ் மலை மக்கள் உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறைய விட்டு, காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் காயவைத்து வருடக்கணக்கில் வைத்துக்கொள்வார்கள். நம்மூர் வற்றல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், வெயிலோடு பனியும் வேலை செய்கிறது. அதைப் பெண்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்து எழுதப் போவதாகச் சொல்கிறாள். நல்ல பொருள்தான். ஆனால் அதற்குக் கடும் உறைபனி இரவுகள் வேண்டும். அவை ஜூன், ஜூலையில் வரும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அங்கே குளிர்காலம் அப்போதுதான். நவம்பரில் மழை தொடங்கியிருக்கும். அவள் போய் இறங்கும்போது கிழங்கு எதுவும் காய்ந்துகொண்டிருக்காது, 'போன ஜூனில் எப்படிச் செய்தீர்கள்' என்று கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டியதுதான்.

நவம்பரில் என்ன நடக்கும்? நடவு முடிகிற காலம். செப்டம்பரிலிருந்து நட்டுக்கொண்டு வருவார்கள், நட்ட இடங்களில் களை எடுப்பு ஆரம்பித்திருக்கும். அறுவடை ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை. ஆகவே நவம்பருக்கு ஏற்ற கேள்வி விதைக்கிழங்கு பற்றியது. இந்த வருடம் எந்த ரகத்தை நட்டார்கள், எதை விட்டுவிட்டார்கள், வீட்டில் அதை முடிவு செய்தது யார், விதை எங்கிருந்து வந்தது? அவளுக்குப் பிடித்த 'பெண்களின் அறிவு' என்ற இழை இதிலும் வரும், அதுவும் கண்ணால் பார்க்கக் கூடியதாக வரும். சுஞ்ஞோவே வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், சேமித்த சுஞ்ஞோ சந்தையில் எப்படிக் கைமாறுகிறது என்று பார்க்கலாம். குஸ்கோ பகுதியிலுள்ள லாரஸ் பள்ளத்தாக்கில் இன்றும் பண்டமாற்றுச் சந்தைகள் கூடுகின்றன. இரண்டில் நான் முதலாவதையே சொல்வேன்.

இன்னொரு சின்னக் கணக்கு. நவம்பர் 1, 2 தேதிகள் அங்கே இறந்தோர் நினைவு நாட்கள். குடும்பம் குடும்பமாகக் கல்லறைக்குப் போவார்கள், சமைத்துப் படைப்பார்கள். அந்த நேரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்று கேள்வி கேட்க முடியாது. கடைசி வாரம் எழுதுவதற்குப் போய்விடும். முகம் பழகவே நாலைந்து நாள் ஆகும். ஆக 'நான்கு வாரம்' என்பது கையில் இரண்டு வாரம்தான். இரண்டு வாரத்தில் பத்துப் பன்னிரண்டு வீடுகளை நன்றாகப் பார்க்கலாம். அவள் ஐந்து கிராமம், ஐம்பது நேர்காணல் என்று எழுதியிருக்கிறாள். ஒரு கிராமம் போதும்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் போனதற்கு அவளைக் குறை சொல்லாதீர்கள். பத்தொன்பது, இருபது வயதில் எல்லோரும் நூலகத்தில் உட்கார்ந்துதான் திட்டம் எழுதுவார்கள். திருத்த வழி இருக்கிறது. அமெரிக்காவில் எஸ்.ஐ.டி. என்ற நிறுவனம் நீண்ட காலமாக இப்படிப்பட்ட பருவப் படிப்புகளை நடத்துகிறது. ஒவ்வொன்றின் முடிவிலும் மாணவர்கள் செய்த தனி ஆய்வுக் கட்டுரைகள் ஒரு இணையத் தொகுப்பாக, யாரும் இலவசமாகப் படிக்கும்படி கிடைக்கின்றன. பெருவில் செய்யப்பட்டவற்றில் ஒரு ஐந்தாறைப் படிக்கச் சொல்லுங்கள். முடிவுரையைக் காட்டிலும் முறையியல் பகுதி முக்கியம். எத்தனை பேரிடம் பேச முடிந்தது, மொழிபெயர்க்க யார் உதவினார்கள், எதைப் பாதியில் கைவிட்டார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

'உருளைக்கிழங்கைப் பற்றிப் படிக்கவா அவ்வளவு தூரம்' என்று அவளுடைய அப்பா கேட்பதாக எழுதியிருந்தீர்கள். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1952-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கியது உருளைக்கிழங்கு இனங்களைப் பற்றிய ஆய்வுக்குத்தான். கோதுமையும் நெல்லும் அப்புறம் வந்தவை. 1961-இல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டு உருளை விவசாயிகளை ஆட்டிவைத்த முட்டைக்கூட்டு நூற்புழுவின் பூர்வீகமே ஆண்டிஸ் மலைதான். அதை எதிர்க்கும் குணத்தையும் அங்கத்திய கிழங்கு இனங்களிலிருந்துதான் எடுத்தார்கள். பெருவின் தலைநகர் லிமாவில் 1971 முதல் சர்வதேச உருளைக்கிழங்கு மையம் இயங்குகிறது. குஸ்கோவுக்குப் பக்கத்தில் பீசாக் ஊருக்கு மேலே, கெச்சுவா மொழி பேசும் மலைச் சமூகங்கள் சேர்ந்து 'உருளைக்கிழங்குப் பூங்கா' ஒன்றை நடத்துகின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரகங்கள் அங்கே பயிராகின்றன. அந்தச் சமூகங்கள் இழந்துவிட்ட ரகங்களைத் திருப்பிக் கொடுப்பதற்கு லிமா மையம் 2004-இல் அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. உங்கள் மகள் விதைக்கிழங்கைப் பற்றிக் கேட்கப் போனால், இந்த விஷயத்தில் உலகத்திலேயே சரியான இடத்துக்குத்தான் போகிறாள். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆனால் அங்கே போனதும் யார் வீட்டுக் கதவையும் தட்டிவிட முடியாது. 1911-இல் மாச்சு பிச்சு என்ற பழைய இன்கா நகருக்குப் போன அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஹைரம் பிங்கம் தோண்டி எடுத்துக்கொண்டு போன பொருட்கள், ஏறக்குறைய நூறு ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் இருந்துவிட்டு 2011, 2012-இல்தான் பெருவுக்குத் திரும்பி வந்தன. வெளியூர் ஆராய்ச்சியாளர் என்றால் ஒரு சந்தேகப் பார்வை இருப்பது நியாயம்தான். பழங்குடிச் சமூகங்கள் தாவரங்களைப் பற்றி வைத்திருக்கும் கூட்டு அறிவைப் பாதுகாக்கப் பெரு 2002-இல் தனிச் சட்டமே போட்டது. அதனால் கிராமக் கூட்டத்தின் ஒப்புதலைப் படிப்பை நடத்துபவர்கள் வழியாக முன்கூட்டியே பெற வேண்டும். பேசுகிற ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்க வேண்டும், வாய்மொழிச் சம்மதம் போதுமா என்பதை, இப்படிப்பட்ட ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு சொல்லும். அந்தக் குழுவின் அனுமதி இல்லாமல் எடுத்த நேர்காணலைப் பிறகு இளங்கலை ஆய்வேட்டில் சேர்க்கக் கல்லூரி விடாது. முடித்ததும் ஸ்பானிஷில் ஒரு பிரதி கிராமத்துக்குக் கொடுக்க வேண்டும், கூட்டத்தில் நின்று வாயால் சொன்னால் இன்னும் நல்லது. ஒரே ஒரு கிழங்கைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு வரக் கூடாது. அதைத் தடுக்கும் சட்டம் பெருவிலும் உண்டு, அமெரிக்காவிலும் இந்தியாவிலும் உண்டு.

இனி பாஷை. அவள் பள்ளியிலும் கல்லூரியிலுமாக ஸ்பானிஷ் படித்திருக்கிறாள், சரி. குஸ்கோ நகரத்தில் அது போதும். மேலே கிராமத்தில், குறிப்பாக வயதான பெண்களிடம், வீட்டு மொழி கெச்சுவா. பெருவில் 1975 முதல் அதுவும் ஆட்சிமொழிதான். ஸ்பானிஷ் பலருக்கு இரண்டாவது மொழி, சிலருக்குச் சுத்தமாக வராது. அவள் யாரைப் பேட்டி காண விரும்புகிறாளோ அவர்களே இந்தக் கூட்டத்தில் இருப்பவர்கள். ஆக, ஒரு மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் வேண்டும், அவருக்கு நாள்கூலி கொடுக்க வேண்டும். அவள் போட்டிருக்கிற செலவுக் கணக்கில் அந்த வரியே இல்லை. மொழிபெயர்ப்பாளர் பெண்ணாக இருந்தால் பேச்சும் நன்றாக வரும், உங்களுக்கும் நிம்மதி. கிளம்புவதற்கு முன் நூறு வாக்கியம் கெச்சுவா படித்துக்கொண்டு போகட்டும். ஆராய்ச்சிக்கு அது போதாது, வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைப்பதற்குப் போதும்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். நான் கவலைப்படுவது வேறு விஷயங்களுக்கு. லிமாவில் திருட்டு, வழிப்பறி உண்டு, அது அவளுக்குச் சொல்லித் தரப்படும். எனக்குப் பெரிய பயம் மலைச்சாலை. இரவுப் பேருந்து வேண்டவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அடுத்தது உயரம். குஸ்கோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர், நம் ஊட்டி 2,240. கிழங்கு வயல்கள் 4,000 மீட்டருக்கும் மேலே போகும். முதல் இரண்டு மூன்று நாள் தலைவலி, மூச்சு வாங்கல் சகஜம், ஓய்வெடுத்தால் சரியாகும். தலைவலியோடு தள்ளாட்டம், குழப்பம், படுத்திருக்கும்போதும் மூச்சுத்திணறல் என்றால் உடனே கீழே இறக்க வேண்டும். ஆஸ்துமா, ரத்தசோகை இருந்தால் இப்போதே மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கே எல்லா விடுதியிலும் கோக்கா இலைத் தேநீர் கொடுப்பார்கள், அங்கே அது சட்டப்படியானது. அந்த இலையை ஊருக்கு எடுத்து வந்தால் போதைப்பொருள் வழக்கு.

2022 டிசம்பரில் அதிபர் பெட்ரோ காஸ்தில்யோ பதவி இழந்தபோது எழுந்த போராட்டங்களில் குஸ்கோ விமான நிலையம் மூடப்பட்டது, ரயில் நின்றது, சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். அப்படி ஒன்று நடந்தால் மாணவர்களை எங்கே வைப்பீர்கள், யார் பொறுப்பு, வெளியேற்றும் செலவு காப்பீட்டில் இருக்கிறதா என்று படிப்பை நடத்தும் நிறுவனத்தை எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதுவே பதில். 'தனி ஆய்வு' என்றால் தனியாக இருப்பது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கேள்வி அவளுடையது, அவ்வளவுதான். உள்ளூர் வழிகாட்டி ஒருவர், தங்குகிற குடும்பம் ஒன்று, இரண்டு நாளுக்கு ஒருமுறை தகவல் சொல்லும் ஏற்பாடு, மூன்றும் இருக்க வேண்டும். வழிகாட்டியின் பெயர் அவளுடைய திட்டத்தில் இன்னும் காலியாக இருக்கிறது.

காகித வேலையில் இரண்டு மட்டும் சொல்கிறேன், மற்றவற்றைக் கல்லூரி பார்த்துக்கொள்ளும். ஒன்று, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. குஸ்கோ உயரத்தில் அந்த நோய் கிடையாது, ஆனால் இந்தியாவின் பட்டியலில் பெரு இருக்கிறது. டிசம்பர் விடுமுறைக்கு நேராக வீட்டுக்கு வந்தால் சான்றிதழ் இல்லாதவர்களை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். இந்தக் கோடை விடுமுறையில் வரும்போதே சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுவிடுங்கள், ஆயுளுக்கும் ஒரே ஊசிதான். இரண்டு, அமெரிக்க மாணவர் விசா. அந்த முத்திரை ஜனவரியில் திரும்பிப் போகும்வரை செல்லுபடியாகுமா, கல்லூரி கொடுத்த ஐ-20 படிவத்தில் பயணக் கையெழுத்து இருக்கிறதா என்று கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இப்போதே கேட்கட்டும். காலாவதியானால் லிமாவில் புதுப்பிக்கலாம் என்று நம்பிக்கொண்டு போக வேண்டாம். பெருவுக்கான விசா அவள் எவ்வளவு நாள், எதற்காகத் தங்குகிறாள் என்பதைப் பொறுத்தது. அங்கே ஏற்கெனவே போய்வந்த அமெரிக்கத் தோழி சொல்வது இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பொருந்தாது.

வேலைக்கு வருகிறேன். இந்த ஒரு மாதத்தைப் பார்த்து யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள். அப்படிக் கிடைக்கும் என்று விளம்பரக் கையேட்டில் போட்டிருந்தால் நம்பாதீர்கள். ஒழுங்காகச் செய்தால் நான்காம் ஆண்டு ஆய்வேட்டுக்கு அடித்தளம் கிடைக்கும். அவள் வேலையை நேரில் பார்த்த ஒருவரிடமிருந்து சிபாரிசுக் கடிதம் வரும். ஆராய்ச்சிப் படிப்பு விண்ணப்பத்தில் இந்த இரண்டுக்கும் மதிப்பு அதிகம். அமெரிக்காவில் பிஎச்.டி. சேர்க்கை கிடைத்தால் கட்டணமும் உதவித்தொகையும் பெரும்பாலும் பல்கலைக்கழகமே தரும், குடியுரிமை பார்ப்பதில்லை. ஆனால் அவள் பட்டியலிட்டிருக்கிற கில்மன், அமெரிக்க மாணவர் ஃபுல்பிரைட் என்ற இரண்டு உதவித்தொகைகளும் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே. அதற்காக உட்கார்ந்து கட்டுரை எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். வாட்சன் ஃபெலோஷிப் வெளிநாட்டு மாணவர்களுக்கும் உண்டு, அவளுடைய கல்லூரி அந்தப் பட்டியலில் இருந்தால். கல்லூரியின் சொந்த ஆய்வு நிதியை முதலில் கேட்கட்டும். இப்போது வாங்குகிற கல்விச் சலுகை பெரு பருவத்துக்கும் தொடருமா என்பதையும் நிதி அலுவலகத்தில் எழுத்தில் வாங்க வேண்டும், ஏனென்றால் உங்கள் வங்கிக் கடன் அதை நம்பித்தான் இருக்கிறது.

சாப்பாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிழங்கு, சோளம், கீன்வா, முட்டை, பழம் எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். இறைச்சி வேண்டாம் என்று சொன்னாலும் சூப்பில் கோழிச்சாறு இருக்கும், அதை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள் என்று அவளிடமே விட்டுவிடுங்கள். பேசுவதற்கு இந்திய நேரம் மாலை ஆறரை வசதி, அங்கே காலை எட்டு.

இப்போதைக்கு என் முடிவு இதுதான். இந்தத் திட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், பயணத்துக்கு மறுப்பும் சொல்லாதீர்கள். விதைக்கிழங்குக் கேள்வியோடு, ஒரே கிராமத்தோடு, வழிகாட்டியின் பெயரும் மொழிபெயர்ப்பாளர் கூலியும் சேர்த்து ஒன்றரைப் பக்கத்தில் மறுபடி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அது வந்ததும் பணக் கணக்கைப் பார்ப்போம்.