கீழ்ப் பட்டனை அழுத்தினாலும் எரிகிறதே!

வணக்கம் ஐயா,

திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன், உயர்தர மாணவி. தர்க்கப் படலைகளை, அதாவது லொஜிக் கேட்களை, கொப்பியில் வரைந்து அலுத்துவிட்டது. டவுனில் நாலு பிசி 547 டிரான்சிஸ்டர் வாங்கி, பழைய போன் சார்ஜரின் 5 வோல்ட்டில் இரண்டு பட்டனையும் அழுத்தினால் மட்டும் எரியவேண்டிய ஓர் அன்ட் கேட் செய்தேன். இரண்டு டிரான்சிஸ்டரும் ஒன்றின் கீழ் ஒன்று, ஒவ்வொரு பேஸுக்கும் ஒரு பட்டனும் 10 கிலோ ஓமும், எல்லாவற்றுக்கும் கீழே 330 ஓமோடு எல்இடி. இரண்டு பட்டனையும் அழுத்தினால் நன்றாக எரிகிறது. மேல் பட்டனை மட்டும் அழுத்தினால் எரிவதில்லை, அது சரி. ஆனால் கீழ்ப் பட்டனை மட்டும் அழுத்தினாலும் மங்கலாக எரிகிறதே! கடையில் பழுதான டிரான்சிஸ்டரைத் தந்துவிட்டார்களா?

அன்பின் பிள்ளைக்கு,

கடைக்காரரை விட்டுவிடுங்கள், டிரான்சிஸ்டரில் பழுதில்லை. நம்பாவிட்டால் மேல் டிரான்சிஸ்டரை பிரெட்போர்டிலிருந்து (உதிரிகளைக் குத்தும் பலகை) முழுதாகக் கழற்றிவிட்டு, கீழ்ப் பட்டனை அழுத்திப் பாருங்கள். அப்போதும் அதே மங்கல் வெளிச்சம் வரும்.

டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்: மின்னோட்டம் நுழையும் கலெக்டர், வெளியேறும் எமிட்டர், அதைத் திறந்து மூடும் பேஸ். பேஸிலிருந்து எமிட்டருக்குப் போகும் வழி ஒரு டயோடுதான், மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும். சுமார் 0.7 வோல்ட் கிடைத்தால் திறந்துவிடும். நீங்கள் பட்டனை அழுத்தியதும் 10 கிலோ ஓம், பேஸ், எமிட்டர், எல்இடி என்று மின்னோட்டம் இறங்கிவிடுகிறது. சிவப்பு எல்இடி என்றால் கணக்குப் பாருங்கள்: 5 வோல்ட்டில் டிரான்சிஸ்டருக்கு 0.7, எல்இடிக்கு 1.8 போனால் மிச்சம் 2.5. அதை 10 கிலோ ஓமால் வகுத்தால் கால் மில்லியம்பியர். இப்போது வரும் எல்இடிகளுக்கு அதுவே போதும், இருட்டறையில் பளிச்சென்று தெரியும்.

இந்த அமைப்பில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. வெளியீட்டை எமிட்டரில் எடுப்பதால் அது 4.3 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. அடுத்த கேட்டையும் இதே மாதிரிக் கட்டினால் அங்கே இன்னும் 0.7 போகும். நாலைந்து கேட் தாண்டினால் 1 (வோல்ட் உண்டு) எது, 0 (இல்லை) எது என்றே சொல்ல முடியாது. இணையத்தில் அன்ட் கேட் என்று முதலில் காட்டப்படும் படம் பெரும்பாலும் இதுதான். தொடக்கக்காரருக்கு இதைக் காட்டுவது எனக்குப் பிடிப்பதேயில்லை.

சரி, என்ன செய்யலாம்? கீழ் எமிட்டரை நேரே பூமிக்கு, அதாவது மைனஸுக்குக் கொடுங்கள். எல்இடியையும் 330 ஓமையும் மேலே கொண்டுபோய், 5 வோல்ட்டுக்கும் மேல் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் நடுவில் போடுங்கள். பேஸ் மின்னோட்டம் இப்போது எல்இடி பக்கம் வராமல் மைனஸுக்கே போய்விடும். இரண்டும் அழுத்தினால் மட்டும் எரியும்.

அப்புறம் மல்டிமீட்டரை மேல் கலெக்டரில் வையுங்கள். எல்இடி எரியும்போது அங்கே 0.3 வோல்ட்கூட இருக்காது. விளக்கு எரிகிறது, வெளியீடோ 0! பலர் குழம்பும் இடம் இதுதான். எல்இடியையும் 330 ஓமையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு 1 கிலோ ஓம் போட்டு மறுபடி அளந்தால் தெளிவாகிவிடும்: இரண்டும் 1 என்றால் மட்டும் 0, மற்ற நேரமெல்லாம் 5 வோல்ட், அதாவது 1. நீங்கள் கட்டியிருப்பது நான்ட் கேட். இதன் பின்னால் ஒரு டிரான்சிஸ்டரில் நொட் கேட் (1ஐ 0ஆக, 0ஐ 1ஆக மாற்றுவது) போட்டால் ஒழுங்கான அன்ட் கிடைக்கும். அந்த 0.3 வோல்ட் அடுத்த பேஸைத் திறக்கப் போதாது என்பதால் பிழை தொடராது.

ரெசிஸ்டரும் டிரான்சிஸ்டரும் மட்டும் வைத்துச் செய்யும் இந்த முறையை விளையாட்டு என்று நினைக்கவேண்டாம். 1969இல் சந்திரனில் இறங்கிய அப்பல்லோ கலத்தின் கணினியில் தர்க்கப் பகுதி முழுக்க இந்த இனத்து நோர் கேட்களால் (எல்லா உள்ளீடும் 0 என்றால் மட்டும் 1 தருபவை) ஆனதுதான். நான்ட் மாதிரியே நோரை மட்டும் வைத்தும் மற்ற எல்லாக் கேட்டையும் கட்டலாம்.

இரண்டு சில்லறை விஷயம். பிசி 547 இல்லையென்று கடையில் சி 1815 தந்தால் கால்களைக் கவனியுங்கள். தட்டை முகம் உங்களைப் பார்க்க, முன்னதில் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பின்னதில் எமிட்டர், கலெக்டர், பேஸ். திருகோணமலை உப்புக் காற்றுக்கு, திறந்து வைத்த உதிரிகளின் கால்கள் கறுத்துப்போகும். பிளேடால் சுரண்டிவிட்டுக் குத்துங்கள்.

அடுத்து, இரண்டு ஒற்றை இரும இலக்கங்களைக் கூட்டும் அரைக் கூட்டியைச் செய்யுங்கள். நாலு நான்ட்டும் ஒரு நொட்டும் என்றால் 9 டிரான்சிஸ்டர். கையில் நாலு இருக்கிறது, இன்னும் ஆறு வாங்குங்கள். ஒன்று கட்டாயம் கருகும்.