பழுதான பழைய உடற்பயிற்சிக் கூடத்தை மாநகராட்சி மூடுவது சரிதானே? ஏன் எதிர்க்கிறார்கள்?

கட்டடம் ஆபத்தாக இருந்தால் பூட்டத்தான் வேண்டும். அதில் எனக்கு வாக்குவாதம் இல்லை. பூட்டிய பிறகு என்ன என்பதைத் தீர்மானத்தில் எழுதாமல் விடுகிறார்களே, சண்டை அங்கேதான்.

நான் வட சென்னை தண்டையார்பேட்டைக்காரன். கடல் பக்கம் கான்கிரீட் சீக்கிரம் கெடும். உப்பு மெல்ல உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும், துரு ஏறிய கம்பி பருத்து மேலே இருக்கும் காரையைத் தள்ளிவிடும். எங்கள் தெருக் கூடத்தில் நடு உத்திரத்தில் கொக்கி போட்டு ஒரு வடக்கயிறு தொங்கும். போலீஸ் உடல்திறன் தேர்வில் கயிறு ஏற வேண்டும் என்பதால் பையன்கள் அதில்தான் பழகுவார்கள். காரை பெயர்ந்து கம்பி தெரிந்ததும் அதே உத்திரத்தில்தான். மேலே ஒருவன் ஏறினால் கீழே நிற்பவன் தலையில் தூள் கொட்டும். அதைப் பார்த்து ஒரு பொறியாளர் பூட்டச் சொன்னால் தப்பே இல்லை. (வெறும் வெள்ளை அடித்தே இத்தனை வருஷம் ஓட்டியது யார் என்று மட்டும் கேட்கக் கூடாது.)

ஆனால் அங்கே வருபவர்கள் யார்? காலையில் காசிமேட்டில் மீன் ஏலம் முடித்து வருகிறவர்கள், சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகள், ராத்திரி தாழத் தொங்கும் பல்புக்கு அடியில் கேரம் ஆடுகிறவர்கள். மாசாமாசம் பணம் கட்டி ஏ.சி. ஜிம்முக்குப் போகிற ஆட்கள் இல்லை. கேரம்தானே என்று லேசாக நினைக்காதீர்கள். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிய காசிமா, புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள்.

சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 அக்டோபரில் வியாசர்பாடி உட்பட 9 கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்பில் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மாமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் கையோடு திரும்பப் பெற்றார்கள். நல்லதுதான். ஆனால் அதற்குப் பிறகு 'புதுப்பிக்கப் போகிறோம்' என்று யார் சொன்னாலும், 'கட்டணம் எவ்வளவு?' என்றுதான் எங்கள் பக்கம் முதலில் கேட்கிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? மறியலுக்கு முன்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய்தான் செலவு, 30 நாளில் பதில் தர வேண்டும். உறுதித்தன்மைச் சோதனை அறிக்கை, புதுக் கட்டடத்துக்கு ஒதுக்கிய நிதி, அதுவரை மாற்று இடம் எது என்ற உத்தரவு, மூன்றுக்கும் நகல் கேளுங்கள். கண்ணால் பார்த்து 'பழுது' என்று எழுதுவது சோதனை ஆகாது. கான்கிரீட்டைத் துளைத்து எடுத்த துண்டு ஆய்வகத்தில் எவ்வளவு அழுத்தம் தாங்கியது என்ற எண் அறிக்கையில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும்தான் பலவீனம் என்று அதில் வந்தால், மொத்தத்தையும் ஏன் மூட வேண்டும்?

மாற்று இடம் பெரிய விஷயமே இல்லை. சாயங்காலம் சும்மா கிடக்கும் பள்ளி வகுப்பறை ஒன்று போதும், கேரமுக்கு ஒரு விளக்கும் நான்கு நாற்காலியும்தான் வேண்டும். கயிறுக்குத்தான் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும்.

அப்புறம், பூட்டுவதற்கு முந்தின நாளே கேரம் பலகைகளை வெளியே எடுத்துவிடுங்கள். பூட்டிய அறையில் ஒரு மழைக்காலம் போனால் பலகை வளைந்துவிடும், பிறகு எந்தக் காயும் நேராக ஓடாது.