பென்சிலால் எழுதுங்கள்: துருவ மண் சிற்றுண்ணிகள் குறித்த கேள்வி பதில்

துருவ நிலங்களில் மண் சிற்றுண்ணிகள் (ஆங்கிலத்தில் மைட்; சிலந்திக்கு உறவான மிகச் சிறிய உயிர்கள்) எங்கெங்கே வாழ்கின்றன என்று கணக்கெடுக்கும் முறை பற்றிச் சென்ற வாரம் பேசியிருந்தேன். டெல்டா முழுவதிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

தஞ்சாவூர், விலங்கியல் மாணவி: ஐயா, அண்டார்க்டிகா முழுவதும் பனிதானே? அங்கே மண் உயிரை எங்கே தேடுவார்கள்?

சரியான இடத்தில் தொட்டீர்கள் அம்மா. அந்தக் கண்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட வெறுந்தரை கிடையாது. நம் நாட்டின் மைத்ரி ஆய்வு நிலையம் நிற்கும் ஷிர்மாக்கர் பாறைவெளியும் பாரதி நிலையம் நிற்கும் லார்செமன் குன்றுகளும் அந்தச் சிறு பங்கில் அடக்கம். அதிலும் உயிர் எங்கும் பரவிக் கிடப்பதில்லை. பனி உருகிக் கசியும் ஓரம், பாசித் திட்டு, கல்லின் அடி, பென்குவின் கூட்டத்தின் விளிம்பு என்று ஒடுங்கி வாழும். தென் அமெரிக்காவை நோக்கி நீளும் அண்டார்க்டிகத் தீபகற்பப் பக்கத்தில் அலாஸ்கோசீடஸ் அண்டார்க்டிகஸ் என்ற சிற்றுண்ணி உண்டு. ஒரு மில்லிமீட்டர் நீளம். ஒரே கல்லின் அடியில் நூற்றுக்கணக்கில் மொய்த்திருக்கும். பக்கத்துக் கல்லைப் புரட்டினால் ஒன்றும் இராது.

ஆகவே கயிறு பிடித்து நாற்று நடுவதுபோல் சம இடைவெளியில் மாதிரி எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். முதலில் இடத்தை வகை பிரியுங்கள்: பாசி, பாறையில் ஒட்டி வளரும் கற்செதிள் (லைக்கன்), வெறும் சரளை, கல்லடி. ஒவ்வொரு வகையிலும் ஒரே எண்ணிக்கையில் மாதிரி எடுங்கள். ஈரம், உப்பு, வெப்பநிலை மூன்றையும் அங்கேயே குறியுங்கள். ஒன்றும் கிடைக்காத மாதிரியையும் பதிவேட்டில் ஏற்றுங்கள். ஆனால் அதை வைத்து உயிரே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பத்து மாதிரியில் கிடைக்காத உயிரைப் பதினொன்றாவதில் நானே கண்டிருக்கிறேன். புரட்டிய கல்லை அதே பக்கமாக, அதே குழியில் வையுங்கள். அந்தப் பாசி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். 1991இல் மாட்ரிட்டில் கையெழுத்தான சுற்றுச்சூழல் ஒப்பந்தத்தின்படி அனுமதி இல்லாமல் அங்கே உயிர்களைச் சேகரிக்கக் கூடாது.

குப்பிக்குள் போடும் சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். உயிர்கள் கெடாமலிருக்கக் குப்பியில் ஊற்றும் எத்தனாலில் பேனா மை கரைந்துவிடும்.

பட்டுக்கோட்டை, விவசாயி: தென்னையில் ஈரியோபைட் சிலந்திக்கு என்ன மருந்து?

அதுவும் ஒரு சிற்றுண்ணிதான், ஆனால் குரும்பையில் வாழ்வது. நான் மண்ணுக்குள் வாழ்வதைப் பற்றிப் பேசுகிறேன். உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள் ஐயா.

கும்பகோணம், ஆய்வு மாணவர்: மண்ணிலிருந்து எப்படிப் பிரித்தெடுப்பது?

இத்தாலியரான பெர்லேசி 1905இல் அமைத்த புனலை, சுவீடன் நாட்டு டுல்கிரென் மின்விளக்கு வைத்து மேம்படுத்தினார். சல்லடைமேல் மண், மேலே விளக்கு, கீழே எத்தனால் குப்பி. மண் மேலிருந்து காயக் காய, உயிர்கள் ஈரம் தேடி இறங்கிக் குப்பியில் விழும். அவசரப்பட்டுப் பெரிய விளக்கைப் போடாதீர்கள் தம்பி. இறங்குமுன்பே வெந்துபோகும். சில நாள்கள் பொறுங்கள். குப்பிச் சீட்டில் பென்சில்.

மயிலாடுதுறை: இவை மனிதரைக் கடிக்குமா?

கடிக்காது. பெரும்பாலானவை பாசியும் பூஞ்சையும் தின்பவை.

வேதாரண்யம், பறவை ஆர்வலர்: கோடியக்கரைக்கு ஆர்க்டிக்கிலிருந்து உள்ளான்கள் வருகின்றன. துருவச் சிற்றுண்ணிகளைப் பறவைகளே கொண்டுபோய் விதைத்திருக்கும். அவை எப்படி அங்கே போயின என்பதில் என்ன புதிர்?

ஆர்க்டிக்கைப் பொறுத்தவரை உங்கள் பக்கம் வலு இருக்கிறது. ஸ்வால்பார்டு தீவுகளில் பறவை இறகிலிருந்தே சிற்றுண்ணிகளை எடுத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் அந்தத் தீவுகளின் பெரும்பகுதி பனிக்கட்டிக்கு அடியில் கிடந்தது. இன்று அங்கிருப்பவற்றில் பல பிறகு வந்தவையாகத்தான் இருக்க வேண்டும்.

அண்டார்க்டிகாவுக்கு இந்தக் கணக்கு செல்லாது. தீபகற்பம் கண்டத்தோடு சேரும் இடத்தில் கிரெசிட் கோடு என்று ஓர் எல்லை சொல்கிறார்கள். அதன் இருபுறமும் பொதுவாக வாழும் சிற்றுண்ணி இனம் மிக அரிது. பறவை விதைத்திருந்தால் அந்தக் கோடு எப்படி நிற்கும்?

மீண்டும் வேதாரண்யம்: கோட்டைத் தாண்டிச் சரியாகத் தேடவில்லை என்று ஏன் இருக்கக் கூடாது? கிடைக்காத மாதிரியை வைத்து முடிவு கட்டாதீர்கள் என்று மேலே நீங்களே சொன்னீர்கள்.

நியாயமான அடி. இல்லாததை மட்டும் வைத்து நான் வாதாடினால் தோற்பேன். ஆனால் இருப்பதும் பேசுகிறது. மௌதைமியா என்ற பேரினம் அண்டார்க்டிகக் கண்டத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. பனிக்கு மேல் தலை நீட்டும் பாறை முகடுகளில் வாழ்கிறது. வேறு சில சிற்றுண்ணிகளின் மரபணுவை ஒப்பிட்டால், அவை பல பத்து இலட்சம் ஆண்டுகளாகப் பிரிந்தே கிடப்பது தெரிகிறது. அத்தனை பனியூழிகளையும் அவை அங்கேயே எங்கோ ஒதுங்கிக் கடந்திருக்கின்றன. சம்பா வயலில் தண்ணீர் நிற்கும்போது எறும்பு எங்கே போகிறது? வரப்புக்கு. அந்த முகடுகள்தான் அங்கே வரப்பு.

நாகப்பட்டினம்: காற்றும் கடலும் கொண்டுபோகாதா?

காற்றில் உலர்ந்து சாகும் வாய்ப்பு அதிகம். கடலில் மிதந்து நாள்கணக்கில் உயிர் தாங்குபவை உண்டு. தீவுக்குத் தீவு அப்படிப் போயிருக்கலாம். உள்நாட்டு முகடுக்குக் கடல் ஏறாது.

பேராவூரணி: தென்னைச் சிலந்திக்கு மருந்து...

பட்டுக்கோட்டைக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். இதே கேள்வி இன்னும் நான்கு பேரிடமிருந்து வந்திருக்கிறது. இனி எடுக்க மாட்டேன்.

நீடாமங்கலம், பள்ளி ஆசிரியை: பிள்ளைகளை வைத்து இங்கே ஒரு கணக்கெடுப்பு செய்யலாமா?

தாராளமாகச் செய்யுங்கள் அம்மா. சம்பாவுக்குத் தண்ணீர் கட்டிய பிறகு, ஒரே நாளில் வரப்பிலிருந்தும் வயலிலிருந்தும் மூங்கில் தோப்புச் சருகிலிருந்தும் கைப்பிடி மண் எடுங்கள். புனலுக்குப் பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிக்கொள்ளலாம். எத்தனாலை நீங்களே ஊற்றுங்கள், பிள்ளைகள் கையில் வேண்டாம். அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் அதே இடங்களில் மறுபடி எடுங்கள். வரப்பிலிருந்தவை வயலுக்கு இறங்கியிருக்கின்றனவா என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். சீட்டு எழுதப் பிள்ளைகளிடம் பென்சில் இருக்கும்.